வெயிற்காலத்து இடிமழையும் தோட்டத்து மாடுகளும்



மார்ச் மாதப் பிற்பகுதியிலிருந்து மே மாதம் வரையில் பாகான் செராய்ப் பக்கத்தில் ஒரு நாள் எப்படிப் போகிறது என்பது நம் எல்லாருக்கும் தெரியும். காலையில் வானம் துடைத்து வைத்தாற்போல் இருக்கும். பதினொரு மணிக்கெல்லாம் தார்ப்பாதை காலைச் சுடும். இரண்டு மணிக்குக் காற்றே நின்றுவிடும். கொடியில் போட்ட துணிகூட அசையாது. மூன்று மணிக்குக் கிழக்கே மலைப் பக்கம் மேகம் கறுத்துத் திரளும். நான்கு மணிக்கு இடி. ஐந்தரைக்கு மழை ஓய்ந்து, லயத்துப் பின்புறக் கால்வாயில் தவளை கத்தத் தொடங்கும். அக்டோபர், நவம்பரிலும் இதே கதைதான்.

வெயிலைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் வெயிலை மட்டுமே பேசுவார்கள். இடியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இடியை மட்டுமே பேசுவார்கள். நமது வட்டாரத்திலோ இரண்டும் ஒரே நாளில், ஒன்றிரண்டு மணி நேர இடைவெளியில் வருகின்றன. மாடு வளர்க்கும் குடும்பத்துக்கு இதில்தான் சங்கடம் இருக்கிறது. நண்பகலில் மாட்டைக் காப்பாற்றுகிற மரமே நான்கு மணிக்கு அதைக் கொல்லுகிற மரமாகிவிடுகிறது.

நாங்கள் சிறுவயதில் இருந்த தோட்டத்தில் பந்துத் திடலின் ஓரமாக ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் தனியாக நின்றது. மேட்டு லயத்துப் பாட்டி ஒருவர் இரண்டு கறவை மாடும் ஒரு கிடேரியும் வைத்திருந்தார். வெயில் ஏறியதும் மூன்றையும் அந்த மரத்தடியில் முளையடித்துக் கட்டிவிட்டு வருவார். அதைத் தவறு என்று யார் சொல்ல முடியும்? அவ்வளவு குளிர்ந்த நிழல் அந்தத் தோட்டத்திலேயே வேறு கிடையாது. ஒருநாள் மாலை, மழை இன்னும் ஒரு சொட்டுக்கூட விழாத நேரத்தில், அந்த மரத்தில் இடி விழுந்தது. உச்சியிலிருந்து வேர்வரை ஒரு கோடாகப் பட்டை உரிந்திருந்தது. மூன்று மாடுகளும் கயிற்றோடு கிடந்தன. ஒன்றின் வாயில் மென்றது பாதி மெல்லாதது பாதியாகப் புல் இருந்தது. அவற்றை அவிழ்த்துவரப் போன பேரன் திடலின் இந்தப் பக்கத்தில் நின்றிருந்தான். இன்னும் நூறடி நடந்திருந்தால் என்னாகியிருக்கும் என்று சொல்லிச் சொல்லிப் பாட்டி அழுதார். அந்த வீட்டில் பள்ளிக்கூடப் புத்தகமும் தீபாவளித் துணியும் பால் காசில் வாங்கியவை. அதற்குப் பிறகு அவர் மாடு வாங்கவில்லை.

தோட்டத்து மாட்டின் வரலாறு நமது வரலாற்றோடு ஒட்டியது. கிரியான் வட்டாரத்தில் ரப்பருக்கு முன்னே கரும்பு பயிரான காலத்திலேயே வண்டி இழுக்கவும் பால் கறக்கவும் மாடு இருந்தது. கப்பலேறி வந்த பல இந்திய இனங்கள் இங்கே தலைமுறை தலைமுறையாகக் கலந்து உருவான கறவை மாட்டைக் கால்நடை இலாகா உள்நாட்டு இந்தியக் கறவையினம் என்றே பெயரிட்டுக் குறிப்பிடுகிறது. திமிலும் தொங்கு தாடையும் உள்ள இந்த மாடு குறைவாகத்தான் பால் தரும். ஆனால் வெயில் தாங்கும். 1970களிலிருந்து அரசாங்கம் பரப்பிய சாகிவால் - பிரீசியன் கலப்பு மாடு அதைவிட அதிகம் கறக்கும். சாகிவால் பஞ்சாப்பின் வெயிலில் பழகிய இனம். பிரீசியன் ஐரோப்பாவின் குளிரில் பழகியது. கலப்பில் பிரீசியன் இரத்தம் கூடக்கூடப் பாலும் கூடும், வெயிலுக்குத் தவிப்பதும் கூடும். உடம்பில் கறுப்பும் வெள்ளையும் மிகுந்த மாடு வைத்திருப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது தோட்டங்களில் பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. முன்போல மேய்ச்சல் நிலம் இல்லை. மாடு வைத்திருக்கும் குடும்பங்களும் குறைந்துவிட்டன. அதனாலேயே, இருக்கிற ஒன்றிரண்டு மாட்டை இழந்தால் ஈடுகட்டுவது முன்னைவிடக் கடினம்.

முதலில் வெயிலைப் பார்ப்போம்.

பன்னிரண்டு மணியை உச்சிவேளை என்று சொல்வது நம் வழக்கம். கடிகாரம் அப்படிச் சொல்லவில்லை. 1982ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்தள்ளி வைத்தார்கள். அந்தக் கணக்கில் பாகான் செராயில் சூரியன் நேர் உச்சிக்கு வரும்போது கடிகாரம் ஏறத்தாழ ஒன்றே கால் மணி காட்டும். நிலமும் தகரமும் சூடேறிக் கொதிப்பது அதற்கும் பிறகு, இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில். “பன்னிரண்டு மணி வெயில் போய்விட்டதே, இனி மாட்டை ஓட்டிவிடலாம்” என்று இரண்டு மணிக்கு அவிழ்த்து விடுகிறவர்கள் மாட்டை நேராக அடுப்புக்குள் அனுப்புகிறார்கள்.

வெயில் என்றால் எவ்வளவு வெயில்? நமது நாட்டில் பதிவான மிக அதிக வெப்பம் பெர்லிஸ் மாநிலத்துச் சூப்பிங்கில் 1998ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் பதிவானது; 40.1 பாகை செல்சியஸ். 2016ஆம் ஆண்டு ஏப்ரலில் பெர்லிசிலும் கெடாவிலும் வெயிலுக்காகப் பள்ளிக்கூடங்களையே மூடினார்கள். அந்த ஆண்டு நமது புக்கிட் மேரா ஏரியும் வற்றிக் கரை தெரிந்தது. சாதாரண ஆண்டில் இங்கே 33, 34 பாகைதான். ஆனால் கடற்கரைச் சமவெளியாகிய இங்கே காற்றில் ஈரம் அதிகம். ஈரக்காற்றில் வேர்வை உலராது. வேர்வை உலராவிட்டால் உடம்பு குளிராது. உலர்ந்த ஊரின் 38 பாகையைவிடச் சில நாள் நமது 34 பாகை மாட்டுக்குக் கொடுமையாக இருப்பது இதனால்தான்.

இதற்குக் குதிரையை ஒரு நல்ல எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். நமது லயங்களில் குதிரை கிடையாது. ஆனால் ஈப்போ பந்தயத் திடலைப் பார்த்தவர்கள் ஓட்டம் முடிந்த குதிரை நுரைக்க நுரைக்க வேர்த்து நிற்பதைப் பார்த்திருப்பார்கள். வேர்வையால் உடம்பைக் குளிர்விப்பதில் மனிதனும் குதிரையும் கெட்டிக்காரர்கள். கடும் ஓட்டத்தில் ஒரு குதிரை ஒரு மணி நேரத்தில் பத்து லிட்டருக்கு மேலும் வேர்வை விடும். குளிர்நாட்டிலிருந்து வெப்ப நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட குதிரைகளில் சில, கொஞ்ச நாளில் வேர்க்கும் தன்மையையே இழந்துவிடுவது உண்டு. அப்படி வேர்க்காத குதிரை வெயிலில் மூச்சிரைத்து விழுந்துவிடும். மாடு ஏறக்குறைய அந்த வேர்க்காத குதிரையைப் போன்றதுதான். அதற்கும் வேர்வை உண்டு, ஆனால் போதாது. மீதிச் சூட்டை அது மூச்சாலேயே வெளியே தள்ள வேண்டும். எருமைக்கு வேர்வைச் சுரப்பிகள் அதனினும் குறைவு. கறுத்த தோல் வேறு. ஆகவே அது சேற்றில் புரள்வதைச் சோம்பல் என்று நினைத்து அடித்து ஓட்டக் கூடாது. சேறுதான் அதற்கு வேர்வை.

மாடு மூச்சால் குளிர்கிறது என்பதால், வெயில் அதற்கு எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை மூச்சை எண்ணியே கண்டுபிடித்துவிடலாம். வெப்பமானி வேண்டியதில்லை. மாட்டின் பக்கவாட்டில் நின்று விலாவைப் பாருங்கள். ஒருமுறை உப்பி இறங்கினால் ஒரு மூச்சு. கடிகாரத்தைப் பார்த்து முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். நிழலில் சும்மா நிற்கிற மாடு 30, 40 முறை மூச்சு விட்டால் நலம். 60ஐத் தாண்டினால் அது வெயிலைத் தாங்க முடியாமல் இருக்கிறது. 80, 90க்கு மேலே போய், வாய் திறந்து, எச்சில் நூலாக வடிந்து, கழுத்தை முன்னே நீட்டி நின்றால் வேறு வேலை எதையும் பார்க்காதீர்கள். அந்த நிமிடமே அதைக் குளிர்விக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிக்கிற பிள்ளைகள் இந்த எண்ணும் வேலையை ஆர்வமாகச் செய்வார்கள்.

எப்படிக் குளிர்விப்பது? தண்ணீரால்தான். இங்கே ஒரு பழைய நம்பிக்கையை எடுத்துப் பேச வேண்டும். சூடேறிய மாட்டின் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் சன்னி கண்டு விழுந்துவிடும் என்று பெரியவர்கள் தடுப்பார்கள். குதிரைக்காரர்களிடமும் இதே நம்பிக்கை உலகம் முழுவதும் இருந்தது. தசை பிடித்துக்கொள்ளும் என்று அஞ்சினார்கள். 1996ஆம் ஆண்டு அமெரிக்காவில் அட்லாண்டா நகரில், நம்மூரைப் போன்ற புழுக்கத்தில், ஒலிம்பிக் குதிரைப் போட்டிகள் நடக்க இருந்தன. அதை முன்னிட்டுக் கால்நடை அறிஞர்கள் பல ஆராய்ச்சிகள் செய்தார்கள். சூடேறிய குதிரையின் உடம்பு முழுவதும் குளிர்ந்த நீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் தீங்கு ஏதும் இல்லை, சூடு விரைவாகத் தணிகிறது என்று கண்டார்கள். மாட்டுக்கும் இது பொருந்தும். தயங்காமல் ஊற்றுங்கள்.

ஆனால் ஊற்றும் முறை ஒன்று உண்டு. கையால் அள்ளித் தெளித்து மயிரின் நுனியை மட்டும் நனைத்தால் பயனில்லை. காற்றில்லாத கொட்டகையில் அது புழுக்கத்தைத்தான் கூட்டும். தோல்வரை நனையும்படி வாளி வாளியாக ஊற்றுங்கள். பிறகு காற்றுப் படும் இடத்தில் நிறுத்துங்கள். காற்று இல்லையென்றால் விசிறி வையுங்கள். மாடு கடிக்காத உயரத்தில், கம்பி நனையாத இடத்தில் இருக்கட்டும். உலரத் தொடங்கியதும் மறுபடி ஊற்றுங்கள். மயங்கிக் கிடக்கும் மாட்டின் வாயைப் பிளந்து போத்தலால் தண்ணீர் புகட்டாதீர்கள். அது நுரையீரலுக்குள் போய்விடும். தலையைத் தூக்கித் தானாகக் குடிக்கும்வரை உடம்புக்கு மட்டுமே தண்ணீர். இடையில் ஒருவர் கால்நடை மருத்துவருக்குத் தகவல் சொல்லிவிடட்டும்.

பால் கறக்கும் நேரம் வந்தால் மடியைத் துடைத்து உலர்த்திவிட்டுக் கறக்க வேண்டும். உடம்பிலிருந்து வழிந்த தண்ணீர் பாலில் விழுந்தால் வாங்குகிறவர் நம்மைத்தான் சந்தேகப்படுவார்.

குடிக்கும் தண்ணீருக்கு வருவோம். கறவை மாடு ஒன்று நாளொன்றுக்கு 40 முதல் 60 லிட்டர் வரை குடிக்கும். வெயிற்காலத்தில் இன்னும் கூடுதலாகக் கேட்கும். ஒரு மண்ணெண்ணெய் டின்னின் கொள்ளளவு ஏறக்குறைய 18 லிட்டர். அந்தக் கணக்கில் மூன்று டின்னுக்கு மேலே வேண்டும். காலையில் ஒரு வாளி, மாலையில் ஒரு வாளி என்று காட்டினால் மாடு சாகாது, பால் குறையும். “புண்ணாக்கு வைத்தும் பால் ஏறவில்லையே” என்று குறைப்படும் வீடுகளில் தொட்டியைப் போய்ப் பார்த்தால் பாதி நாள் காய்ந்து கிடக்கும். தொட்டி நிழலில் இருக்க வேண்டும். வெயிலில் கிடந்து சூடான தண்ணீரை மாடு முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். கழுநீரோடு ஒரு பிடி கல்லுப்பு போடுவது பாட்டிமார் வழக்கம். அது நல்ல வழக்கம். வேர்வையிலும் எச்சிலிலும் போன உப்பு அதனால்தான் திரும்புகிறது.

தீனியை நேரம் மாற்றி வைப்பதில் செலவே இல்லை, பலனோ பெரிது. மாட்டின் வயிறு ஒரு புளிக்கவைக்கும் பீப்பாய். புல்லும் புண்ணாக்கும் அதற்குள் நொதிக்கும்போது சூடு பிறக்கிறது. தின்று சில மணி நேரத்தில் அந்தச் சூடு உச்சத்துக்கு ஏறும். பத்து, பதினொரு மணிக்கு வயிறு நிறையத் தவிடும் செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கும் வைத்தால், உள்சூடும் வெளிச்சூடும் இரண்டு மணிக்கு ஒன்றாகச் சேரும். ஆகவே கனத்த தீனியை விடியற்காலையில் ஒரு பங்கும், வெயில் தாழ்ந்த பிறகு ஒரு பங்கும் வையுங்கள். இரவில் முன்னால் புல் கிடக்கட்டும். குளிர்ந்த நேரத்தில் மாடு தானாகத் தின்னும். நடுப்பகலில் தண்ணீர் மட்டும் போதும்.

கொட்டகையைப் பற்றிச் சில சொற்கள். தகரக் கூரை வெயிலில் கீழ்நோக்கி அனல் வீசும். நடுத்தர உயரமுள்ள ஆள் கையைத் தூக்கினால் எட்டும் உயரத்தில் கூரை இருந்தால் அது கொட்டகை அல்ல, ரொட்டி அடுப்பு. பத்தடிக்குக் குறையாமல் உயர்த்துங்கள். தகரத்தின் மேலே அத்தாப்போ காய்ந்த செம்பனை மட்டையோ பரப்பினால் சூடு பெரிதும் குறையும். ஆனால் மேலே பரப்பியதைக் கம்பியால் இறுக்கிக் கட்டுங்கள். கல்லையும் பழைய டயரையும் தூக்கி வைப்பது இங்கே பலர் செய்வது. புயற்காற்றில் முதலில் பறப்பது தகரம், இரண்டாவதாக மாட்டின் முதுகில் விழுவது அந்தக் கல். சுவர் வேண்டாம். நாலு பக்கமும் திறந்திருந்தால் காற்று வரும். நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருந்தால் காலை வெயிலும் மாலை வெயிலும் உள்ளே அதிகம் புகாது.

இனி இடிக்கு வருவோம்.

நமது நாடு உலகிலேயே இடி மிகுந்த நாடுகளில் ஒன்று. மேற்குக் கரையில் பல இடங்களில் ஆண்டுக்கு 150 நாளுக்கு மேல் இடி கேட்கிறது. முன்பு மத்திய அலையில் வானொலி கேட்ட காலத்தில் மழைக்கு அரை மணி முன்னாலேயே பெட்டி கரகரவென்று இரையத் தொடங்கும். எங்கோ மின்னுகிறது என்று பாட்டிமார் மாட்டைப் பார்க்கப் போவார்கள். இன்றைய பண்பலையில் கரகரப்பு இல்லை. பாட்டு நன்றாகக் கேட்கிறது, எச்சரிக்கைதான் கேட்பதில்லை.

இடி மரத்தில் விழுந்தால் மரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் மாடுதானே சாக வேண்டும்? பத்தடி தள்ளி நின்ற மாடு ஏன் சாகிறது? பலரும் கேட்கும் கேள்வி இது. மின்னல் மரத்தோடு நிற்பதில்லை. வேர் வழியாக மண்ணில் இறங்கி, குளத்தில் கல்லெறிந்தால் அலை பரவுவதுபோல் நாலா பக்கமும் பரவுகிறது. மரத்துக்கு அருகே அதன் வேகம் அதிகம், தள்ளிப்போகப் போகக் குறைவு. மாட்டின் முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடையே நாலைந்து அடி தூரம் இருக்கிறது. முன்னங்கால் மரத்தை நோக்கியும் பின்னங்கால் வெளியேயும் இருந்தால், இரண்டு இடத்துக்கும் உள்ள மின்னழுத்த வேறுபாடு அந்த உடம்பின் வழியே பாயும். போகிற வழியில் இதயம் இருக்கிறது. மனிதன் இரண்டு காலையும் சேர்த்து நின்றால் இந்த வேறுபாடு குறைவு. நாலுகால் பிராணிக்கு அந்த வசதி கிடையாது.

2016ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நார்வே நாட்டு மலைச்சமவெளி ஒன்றில் 323 பனிக் கலைமான்கள் ஒரே இடத்தில் மடிந்து கிடந்ததைக் கண்டார்கள். இடிமழையின்போது அவை ஒன்றையொன்று நெருங்கி நின்றிருந்தன. தரை வழியே பரவிய மின்னல் மந்தை முழுவதையும் கொன்றுவிட்டது. அங்கே மரம்கூட இல்லை. அச்சத்தில் நெருங்கி நிற்பது மந்தையின் இயல்பு; நம் ஆடுகளும் அப்படியே செய்யும்.

தனிமரம் ஓர் ஆபத்து என்றால் கம்பி வேலி மற்றோர் ஆபத்து. வேலியின் ஒரு முனையில் இடி விழுந்தால் கம்பி வழியே அது வெகுதூரம் ஓடும். மறுமுனையில் உரசிக்கொண்டு நிற்கும் மாடு விழும். இரும்புச் சங்கிலியால் இரும்புத் தூணில் கட்டுவதும் அதே போன்றதுதான். மழைக்காலத்தில் கயிற்றாலேயே கட்டுங்கள். செம்பனைக் காட்டுக்குள் ஒரே உயரத்தில் ஆயிரம் மரம் நிற்பதால், இடி குறிப்பாக நம் மாடு நிற்கும் மரத்தைத் தேடி வரும் என்பதில்லை. தனிமரத்தைவிட அது மேல். ஆனாலும் மட்டை முறிந்து விழும். ரப்பர் நிரை இன்னும் மோசம். காற்றில் ரப்பர் மரம் பாதியில் முறிவதைப் பால்வெட்டுக்குப் போனவர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

வெயிலுக்கும் இடிக்கும் தனித்தனியாக வழி தேடினால் வேலை இரட்டிப்பாகும். ஒரே வழியாக நாங்கள் சொல்வது இதுதான். விடிந்ததும் மாட்டை ஓட்டுங்கள். பதினொரு மணிக்குள் கொட்டகைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். அன்று மறுபடி வெளியே ஓட்டாதீர்கள். அந்த ஒரு நடையில் இரண்டு மணி வெயிலும் போயிற்று, நான்கு மணி இடியும் போயிற்று.

சொல்வது எளிது. பதினொரு மணிக்கு வீட்டில் யார் இருக்கிறார்கள்? அப்பாவும் அம்மாவும் வேலைக்காட்டில். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். ஆகவேதான் மாடு மரத்தடியில் கட்டுப்பட்டு, பள்ளிவிட்டு வந்து சோறு தின்ற பிள்ளையை நான்கு மணிக்கு “மழை வருது, ஓடிப்போய் மாட்டை அவிழ்த்து வா” என்று அனுப்புகிறோம். நன்றாக யோசித்துப் பாருங்கள். அந்த நேரத்தில் அந்தத் தோட்டத்தில் மிக ஆபத்தான இடம் எதுவோ, அந்த இடத்துக்கு நம் பிள்ளையை நாமே அனுப்புகிறோம். அவன் கையில் ஈரக்கயிறு. பக்கத்தில் தனிமரம்.

இதற்கு எங்களுக்குத் தெரிந்த வழிகள் இரண்டு. நாலைந்து வீட்டார் சேர்ந்து, வேலைக்குப் போகாத தாத்தா ஒருவரிடமோ முறைவைத்து ஒருவரிடமோ எல்லா மாட்டையும் பதினொரு மணிக்கு ஓட்டிவரச் சொல்வது ஒன்று. மாதத்துக்கு ஒரு சிறு தொகை கொடுத்தாலும் ஒரு கறவை மாட்டின் விலைக்கு அது தூசு. மற்றொன்று, மாட்டை வெளியே விடாமல் புல்லறுத்துப் போடுவது. 300 கிலோ எடையுள்ள மாட்டுக்கு நாளொன்றுக்கு 30 கிலோ பச்சைப்புல் வேண்டும். நேப்பியர் புல்லைக் கொட்டகைக்குப் பின்னாலேயே கரணை நட்டு வளர்த்தால் சுமக்கும் வேலை குறையும். இரண்டுமே முடியாத நாளில் மாட்டை மரத்தடியில் கட்டாமல், கட்டையும் அவிழ்த்து விட்டுவிடுங்கள். கட்டுப்படாத மாடு வீடு தெரிந்தது. பெரும்பாலும் தானாக வந்துவிடும். பயிரில் வாய் வைத்தால் தண்டம் கட்ட நேரும், உண்மைதான். பிள்ளையை அனுப்புவதைவிட அது மலிவு.

எப்போது வெளியே போகக் கூடாது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். இடியோசை மூன்று விநாடிக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் ஓடுகிறது. முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அடுத்தது நம் தலைக்கு மேலேயே விழலாம். பாட்டியின் மாடுகள் செத்தபோது ஒரு சொட்டு மழையும் பெய்யவில்லை என்பதை மறக்க வேண்டாம். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை வீட்டுக்குள்ளேயே இருங்கள். திறந்த மாட்டுக்கொட்டகை மாட்டுக்கு நிழல்தானே தவிர மனிதனுக்குக் காப்பிடம் அல்ல. இடியின்போது அங்கே தூணில் சாய்ந்து நிற்க வேண்டாம். கறவையைக்கூட அரை மணி தள்ளிப்போடலாம்.

விடியற்காலைப் புயலையும் சொல்லிவிடுகிறோம். ஏப்ரல் முதல் நவம்பர் வரை சில நாள் இரவில் மலாக்கா நீரிணையில் மேகம் வரிசை கட்டி, கிழக்கு வெளுக்கும் முன்பே கரையைத் தாக்கும். இதைச் சுமாத்ராக் காற்று என்பார்கள். பிரட்டுக்கு முன்னே கறக்கிற நேரமும் அதுவே. மேற்கே கடற்பக்கம் விட்டு விட்டு மின்னினால், கறக்கப் போகும் முன் கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள்.

இடி தாக்கி ஆள் விழுந்துவிட்டால் அவர் உடம்பில் மின்சாரம் தங்கியிருக்கும் என்று பயந்து தொடாமல் நிற்கிறார்கள். தங்காது. உடனே தொடலாம். மூச்சும் நாடியும் இல்லையென்றால் நெஞ்சின் நடுவே இரு கையையும் வைத்து வேகமாக அழுத்திக்கொண்டே இருங்கள்; ஒருவர் 999க்கு அழைக்கட்டும். காற்றில் மின்கம்பி அறுந்து மாட்டின் மேல் கிடந்தால் கதை வேறு. அதில் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். மாட்டையும் தொடாதீர்கள், கம்பியையும் தொடாதீர்கள், பக்கத்துச் சேற்றிலும் கால் வைக்காதீர்கள். மின்வாரியத்தின் 15454 எண்ணுக்குத் தகவல் சொல்லிவிட்டுத் தள்ளி நில்லுங்கள். மாடு துடிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பது கொடுமைதான்; ஆனாலும் நில்லுங்கள்.

இடி விழுந்து செத்த மாட்டை அறுத்துப் பங்கு போடுவது சில இடங்களில் உண்டு. வேண்டாம். இரத்தம் வடியாத இறைச்சி விரைவில் கெடும். அது மட்டுமல்ல, உண்மையிலேயே இடியால்தான் செத்ததா, நோயால் செத்ததா என்பது நமக்குத் தெரியாது. மாவட்டக் கால்நடை அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டு ஆழமாகப் புதையுங்கள்.

நோய் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. நீண்ட வெயிலுக்குப் பிறகு முதல் மழை விழும் வாரங்களில்தான் தொண்டை அடைப்பான் தலைகாட்டும். மலாயில் இதை ஹவார் பெர்டாரா என்பார்கள். வெயிலில் மெலிந்த மாட்டை, குறிப்பாக எருமையை, அது ஒரே நாளில் சாய்த்துவிடும். கடும் காய்ச்சல், தொண்டையும் கழுத்தும் வீங்குதல், மூச்சு முட்டுதல் ஆகியவை அதன் அடையாளங்கள். கண்ட பிறகு மருந்துக்கு ஓடினால் பெரும்பாலும் நேரம் கடந்துவிட்டிருக்கும். ஊசியை முன்கூட்டியே, ஆண்டுக்கு ஒருமுறை போட்டுவிட வேண்டும். இந்தத் தடுப்பு மருந்து நமது ஈப்போவில், 1948இல் தொடங்கப்பட்ட கால்நடை ஆராய்ச்சிக் கழகத்திலேயே தயாராகிறது. வெயில் முற்றும் முன்னே, பிப்ரவரியில், கால்நடை அலுவலகத்தில் கேட்டு வையுங்கள்.

மழை விட்டதும் மாட்டைச் சேற்றில் படுக்க விடாதீர்கள். சேறு மடியில் ஏறினால் மடிவீக்கம் வரும். கொட்டகைத் தரையை வழித்துவிட்டு உலர்ந்த மட்டையோ மரத்தூளோ போடுங்கள். மருந்தடித்த நிரையிலிருந்து வடியும் கால்வாய்த் தண்ணீரை அன்று குடிக்க விட வேண்டாம். சோடியம் ஆர்சனைட் அடித்த பழைய காலத்தில் தோட்டத்து மாடுகள் இப்படித்தான் செத்தன. பாராகுவாட் மருந்தும் 2020ஆம் ஆண்டு முதல் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனால் களைக்கொல்லி எதுவும் குடிநீர் அல்ல. காற்றில் ஒடிந்த மரவள்ளிச் செடியை வீணாகிறதே என்று அள்ளிப் போடுவதும் ஆபத்து. அந்த இலையில் நஞ்சு உண்டு. ஒரு நாள் நன்றாக வாட்டிய பிறகு, அதுவும் கொஞ்சமாக, மற்ற புல்லோடு கலந்து வைக்கலாம்.

மாலை குளிர்ந்ததும் மூச்சை மறுபடி ஒருமுறை எண்ணிப் பாருங்கள். நாற்பதுக்குக் கீழே இறங்கி, மாடு அசைபோடத் தொடங்கியிருந்தால் தவிட்டை வைக்கலாம்.

அடுத்த பேச்சில் இளங்கன்றுகளின் குடற்புழுவைப் பற்றிப் பேசுவோம்.